ஒலி நாடாவின் பிணியும் பரிகாரமும்

பேசிய சொல் காற்றோடு போய்விடும் என்பது பழைய உலகின் துணிபு. எழுத்து நின்றது, ஓவியம் நின்றது, கல்லிற் செதுக்கிய உருவம் நின்றது. பாடியவனின் குரல் மட்டும் பாட்டு முடிந்த கணத்திலேயே இல்லாதொழிந்தது. அக்குரலைப் பிடித்து நிறுத்த மனிதன் மேற்கொண்ட முயற்சிகளைக் கண்டுபிடிப்புக்களின் வரிசையாகவே பலரும் படிக்கின்றனர். அதனைப் பிழைகளின் வரலாறாகவும் படிக்கலாம். ஒவ்வொரு புதிய பதிவுமுறையும் முன்னையதன் குறையொன்றை நீக்கப் பிறந்தது. பிறந்தபோதே தனக்குரிய வேறொரு குறையையும் உடன் கொண்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் உலகெங்கும் பரவிய பல்தட இலக்கமுறை ஒலிப்பதிவு நாடாப் பொறி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அப்பொறி ஊமையாகும்போது அதன் நோயை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி, இன்று பழுதுபார்ப்போரின் கவலையாக மட்டும் நிற்கவில்லை. ஒரு தலைமுறையின் இசையும் பேச்சும் அதனைச் சார்ந்து நிற்கின்றன.

காந்தத்தைக் கொண்டு ஒலியைப் பதியலாம் எனச் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டெமர் பௌல்சன் என்பவர். 1898ஆம் ஆண்டில் அவர் உருக்குக் கம்பியொன்றிற் குரலைப் பதித்தார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அப்பொறியின் முன் பேசினார். அக்குரல் இன்றும் உள்ளது. கம்பியோ முறுகும், சிக்கும், அறுந்தால் முடிச்சிட வேண்டும். 1928இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் புளுமர் என்பவர் காகித நாடாவில் இரும்புத் தூளைப் பூசி அக்குறையைத் தீர்க்க வழி கண்டார். 1935இற் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மக்னெற்றோபோன்’ என்னும் நாடாப் பொறி வெளிவந்தது. அதன் ஒலியில் இரைச்சல் மிகுந்திருந்தது. 1940இல் வால்ற்றர் வெபர் என்னும் பொறியியலாளர், செவிக்கெட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைப் பதிவோடு சேர்த்துச் செலுத்தினால் இரைச்சல் பெரிதும் அடங்குவதைக் கண்டார். இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்தபின் ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படையினர் அத்தகைய பொறிகள் இரண்டைத் தம் நாட்டுக்கு அனுப்பிவைத்து, 1946இற் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பொறியியலாளர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1948இல் அம்பெக்ஸ் நிறுவனத்தின் முதற் பொறி விற்பனைக்கு வந்தது. 1957இல் இசைக் கலைஞர் லெஸ் போல், ஒரே நாடாவில் எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியவல்ல பொறியொன்றை அந்நிறுவனத்திடமிருந்து பெற்றார். அன்று தொட்டு, ஒரு பாட்டின் வாத்தியங்களையும் குரலையும் வெவ்வேறு வேளைகளிற் பதிந்து பின்னர் இணைப்பது வழக்கமாயிற்று.

அக்காலத்து நாடாவின் பிணிகள் வெளிப்படையானவை. இரும்பொட்சைட்டுப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்தால், அவ்விடத்தில் ஒலி சற்றே மங்கி மீளும். பதிவுத்தலை அழுக்கேறினால் உயர்ந்த சுரங்கள் மழுங்கும். நாடாவைச் சுருளாக நெடுங்காலம் வைத்தால், ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றிலும் படிந்து, பாட்டுத் தொடங்குமுன்னரே அதன் மெல்லிய சாயல் கேட்கும். பிரதியிலிருந்து பிரதி எடுக்குந்தோறும் இரைச்சல் பெருகும். எனினும் இவையெல்லாம் படிப்படியாக வந்த நோய்கள். செவி நுண்மையுடையோர் அவற்றைத் தொடக்கத்திலேயே அறிந்து, நாடா முற்றும் கெடுமுன் ஆவன செய்யக் கூடியதாக இருந்தது.

இவ்விரைச்சலையும் தேய்வையும் முற்றாக ஒழிக்க விரும்பியோர், ஒலியின் வடிவத்தைப் பதியாமல் அதன் அளவுகளைப் பதிந்தால் என்ன என்று சிந்தித்தனர். ஓர் அலையின் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, அவ்வளவுகளை ஒன்று, சுழியம் என்னும் இரண்டே குறிகளால் எழுதிவைக்கும் முறை அது. தொலைபேசித் துறைக்கென அதனை 1937இல் வகுத்தவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அதனைச் செயற்படுத்தும் இலத்திரன் உறுப்புக்கள் அன்று போதியனவாய் இருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் சென்றபின், 1967இல் யப்பானிய ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே. இலக்கமுறை ஒலிப்பதிவுப் பொறியொன்றைச் செய்து காட்டியது. 1972இல் டெனோன் நிறுவனம், தொலைக்காட்சி நிலையங்களிற் பயன்பட்ட வீடியோ நாடாப் பொறியைத் தழுவி எட்டுத் தடப் பொறியை அமைத்து, தோக்கியோவில் இசைப் பதிவுகளைத் தொடங்கியது. அமெரிக்காவிற் பேராசிரியர் தோமஸ் ஸ்ரொக்கம் 1975இற் சவுண்ட்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனத்தை நிறுவினார். ஜனாதிபதி நிக்சனின் ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடப் பேச்சு அழிந்திருந்த மர்மத்தை ஆராய அமைக்கப்பட்ட நிபுணர் குழுவிலும் அவர் இருந்தார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. நாடா சொல்வதையும் சொல்லாது மறைப்பதையும் ஆராயப் பழகிய கண் அவருடையது.

எண்களாகப் பதிவது இரைச்சலை ஒழித்தது. ஆனால் புதியதோர் இடரையும் தந்தது. எட்டுத் தடங்களில், ஒவ்வொன்றிலும் செக்கனுக்கு 48,000 அளவுகளை, ஒவ்வோர் அளவையும் பதினாறு குறிகளால் எழுதின், ஒரு செக்கனில் 61,44,000 குறிகளை நாடாவிற் பொறிக்க வேண்டும். இத்தனை நெருக்கமாக எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியும் பல நூறு குறிகளை மறைத்துவிடும். பழைய நாடாவில் மங்கலாகக் கேட்டிருக்கக் கூடிய ஓரிடம், எண் நாடாவிற் பெருவெடிப்பாக ஒலிக்கக் கூடும். ஓர் அளவின் தலையாய குறி மாறிவிடின், மெல்லிய வீணையொலி பீரங்கி முழக்கமாகும். ஆகவே பிழையைத் திருத்தும் கலை கைவராமல் இலக்கமுறைப் பதிவு ஈடேறியிராது.

அக்கலை ஒலிப்பதிவு நிலையத்திற் பிறந்ததன்று. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணிதவியலாளர் பணியாற்றினார். வார இறுதியில் ஆளில்லாத வேளையில் அவருடைய கணக்குகள் கணிப்பொறியிற் செய்யப்படும். பொறி பிழையொன்றைக் கண்டால் அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை நடந்திராது. பிழை இருப்பதைப் பொறி அறியுமெனின், அது எந்த இடத்தில் இருக்கிறதென்பதையும் அறிந்து தானே திருத்தலாகாதா என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவு 1950இற் கட்டுரையாக வெளிவந்தது. 1960இல் ஏர்விங் ரீட், குஸ்ராவ் சொலமன் என்னும் இருவர் அதனினும் வலிய முறையொன்றைக் கண்டனர். அதன் அடிப்படை பள்ளி மாணவருக்கும் விளங்கக் கூடியது. இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கும். அக்கோட்டின் மேலுள்ள ஐந்து புள்ளிகளை ஒருவன் அனுப்பினால், வழியில் ஒன்று இடம்பெயர்ந்தாலும், ஏனைய நான்கும் ஒரே கோட்டில் நின்று பிறழ்ந்ததைக் காட்டிக் கொடுத்துவிடும். மிகையாக அனுப்பிய புள்ளிகளே காவல்.

தமிழ்ச் செய்யுளைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. செல்லரித்த ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்து நூல் பதிப்பித்த அறிஞர்கள், ஓர் எழுத்து அழிந்துபோன இடத்தில் எதுகையையும் மோனையையும் தளையையும் நோக்கி, அங்கே எவ்வெழுத்து நின்றிருக்க வேண்டும் எனத் துணிந்தனர். அந்தாதியில் ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் முதலாக வருதலின், இடையில் ஒன்று தொலைந்தால் அத்தொலைவு உடனே புலப்படும். பொருளுக்கு மிகையாக யாப்புச் சுமந்து நின்ற கட்டுப்பாடுகளே பாட்டைக் காத்தன. இலக்கமுறை நாடா இன்னும் ஒரு படி மேலே சென்றது. அடுத்தடுத்த அளவுகளை அது அடுத்தடுத்து எழுதுவதில்லை. கலைத்துப் பரப்பி எழுதுகின்றது. ஒரு நூலின் ஒவ்வொரு செய்யுளின் எழுத்துக்களையும் நூறு ஏடுகளிற் பங்கிட்டு எழுதி வைத்தால், கரையான் ஓர் ஏட்டை முழுதும் தின்றாலும், ஒரு செய்யுளுக்கு ஓரெழுத்தே நட்டமாகும். அதனை யாப்புக் கொண்டு மீட்டுவிடலாம் அன்றோ?

இவ்வாறு பொறிக்குள் மூன்று காவலர் நிற்கின்றனர். முதலாமவர் பிழையை முற்றத் திருத்துகிறார். கேட்போர் எவ்வித மாற்றமும் உணரார். பிழை அவருடைய ஆற்றலுக்கு மிஞ்சினால், இரண்டாமவர் இழந்த அளவுக்கு முன்னும் பின்னுமுள்ளவற்றை நோக்கி இடைப்பட்ட ஓர் அளவை ஊகித்து நிரப்புகிறார். மிகக் கூர்ந்த செவியே அதனை உணரும். அவருக்கும் எட்டாதபோது மூன்றாமவர் ஒலியை அடைத்து விடுகிறார். அமைதி நிலவும்.

இவ்வேற்பாட்டின் சிறப்பே அதன் அபாயமும் ஆகும். நாடா நாளுக்கு நாள் நைந்துகொண்டிருக்கும், பதிவுத்தலை தேய்ந்துகொண்டிருக்கும், முதற் காவலர் ஓயாது திருத்திக்கொண்டிருப்பார், கேட்பவரோ யாவும் நலமென்றிருப்பார். ஒருநாள் எல்லை கடந்ததும், முதல் நாள் வரை மாசின்றி ஒலித்த பாட்டு மறுநாள் துண்டு துண்டாய் அறுந்து போகும். பழைய நாடா நோயைச் சொல்லிக்கொண்டே நலிந்தது. புதிய நாடா நோயை மறைத்து வைத்திருந்து திடீரென வீழ்ந்தது.

1978 அளவில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம், பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் துணையோடு, ஓரங்குல நாடாவில் 32 தடங்களைப் பதியும் பொறியை உருவாக்கியது. 1980களின் தொடக்கத்திற் சொனி நிறுவனம் 24 தடப் பொறியை வெளியிட்டது. அவை இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட விலையுடையன. பெருநிறுவனங்களே அவற்றை வாங்கின. 1991 ஜனவரியிற் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் அலெசிஸ் என்னும் நிறுவனம் ‘அடாட்’ என்னும் பொறியை அறிமுகஞ் செய்தது. வீட்டு வீடியோப் பொறியின் இயக்கத்தையும், கடைகளிற் கிடைக்கும் எஸ்-விஎச்எஸ் கசற்றையும் அது பயன்படுத்தியது. 3,995 டொலர் விலையில் எட்டுத் தடங்கள் கிடைத்தன. பதினாறு பொறிகளை இணைத்தால் 128 தடங்கள் ஆகும். நாடா ஏறத்தாழ மும்மடங்கு வேகத்தில் ஓடியமையால், இரண்டு மணி நேரக் கசற்றில் 40 நிமிடமே பதிய முடிந்தது. 1993இல் ரஸ்காம் நிறுவனத்தின் போட்டிப் பொறி, சிறிய ஹை-8 கசற்றைக் கொண்டு வெளிவந்தது. சிறு ஒலிப்பதிவுக் கூடங்களும் வீட்டு அறைகளும் நிலையங்களாயின. 1995இல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்பனையான அலனிஸ் மொரிசெற்றின் இசைத்தட்டு, பெரும்பாலும் இத்தகைய பொறிகளிலேயே பதியப்பட்டது.

வீடியோப் பொறியில் நாடா மெதுவாக நகரும். பதிவுத்தலைகளைத் தாங்கிய உருளையோ அதிவேகமாய்ச் சுழன்று, நாடாவிற் சாய்வான நுண்ணிய கோடுகளாக எழுதும். ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமே அகலமுள்ள அக்கோட்டை மீட்டும் சரியாகப் பின்பற்றினாலன்றிப் படிக்க இயலாது. வழிகாட்டும் தண்டுகளும், நாடாவை அழுத்தும் இறப்பர் உருளையும், இழுவிசையும், தலையின் தூய்மையும் ஒருங்கே செவ்வனே அமைய வேண்டும். ஆகவே ஒலி தடைப்படும்போது கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முறையான சிந்தனை வேண்டும்.

கைதேர்ந்த தொழில்நுட்பவியலாளர் முதலிற் செய்வது, பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதன்று. அவர் நாடாவை வெளியே எடுத்துவிடுகிறார். ஐயத்துக்குரிய பொறியில் ஒரே பிரதியாயுள்ள நாடாவை இடலாகாது என்பது தலையாய விதி. மதிப்பற்ற வேறொரு நாடாவை இட்டுப் பார்ப்பார். அது நன்றாக ஒலித்தால் பிணி முதல் நாடாவினது. அதுவும் கெட்டால் பிணி பொறியினது. இத்தனை எளிய சோதனையைச் செய்யாது நல்ல நாடாக்களைப் பழுதான பொறி கசக்கி எறிய விட்டவர் பலர்.

பொறியினது எனக் கண்டால், அடுத்தது தூய்மை. நாடாவிலிருந்து உதிர்ந்த துகள் தலையின் நுண்ணிய இடைவெளியை அடைத்துவிடுவதே மிகுதியாகக் காணப்படும் நோய். பஞ்சுக் குச்சி ஆகாது. அதன் இழை தலையிற் சிக்கும். இழை உதிராத மென்றோலை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்து, உருளை சுழலும் திசையிலேயே மெல்லத் துடைக்க வேண்டும். மேலுங் கீழுமாகத் தேய்த்தால் தலை முறிந்துவிடும். துடைத்தும் தீராவிடின், தலை எத்தனை மணி நேரம் ஓடியுள்ளது, இறப்பர் உருளை இறுகி மினுங்குகிறதா, வழிகாட்டித் தண்டுகள் இடம்பெயர்ந்தனவா என்று ஒவ்வொன்றாக நோக்குவர். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுள்ள அறைக்குக் கொண்டுவந்த பொறியில் உருளைமேல் நீர்த்திவலை படியும். அப்போது சில மணி நேரம் காத்திருப்பதே மருந்து.

பிழை எப்போது நிகழ்கின்றது என்பதும் ஒரு சாட்சி. ஒவ்வொரு முறையும் நாடாவின் அதே இடத்தில் ஒலி தடைப்பட்டால், அவ்விடத்துப் பூச்சுக் கெட்டுள்ளது என்பது தெளிவு. தாளம் போட்டாற்போல் ஒழுங்கான இடைவெளியில் தடைப்பட்டால், சுழலும் தலைகளில் ஒன்று செயலிழந்தமை பெரும்பாலும் காரணம். இடமும் காலமும் மாறி மாறி வந்தால், நாடாவின் பாதையையும் இழுவிசையையும் ஐயுற வேண்டும். பதிந்த பொறியில் நன்றாக ஒலிக்கும் நாடா மற்றெல்லாப் பொறியிலும் தடுமாறுமாயின், பதிந்த பொறியே கோணலாக எழுதியது என்பது துணிபு. அந்நிலையிற் படிக்கும் பொறியின் தண்டுகளை நாடாவின் கோணலுக்கு இசைய மாற்றி, ஒருமுறை படித்து முடித்தபின், மீண்டும் செம்மைப்படுத்துவர்.

இன்னொரு போலிப் பிணியும் உண்டு. பொறியின் பிழைக் கணக்கு மிகக் குறைவாயிருக்க, ஒலியில் மட்டும் இடையிடையே ‘டிக், டிக்’ என்னும் வெடிப்புக் கேட்கும். பலர் நாடாவைப் பழிப்பர். உண்மையில் இரண்டு இலக்கமுறைப் பொறிகளை இணைக்கும்போது இரண்டும் ஒரே கடிகாரத்தின் துடிப்பைப் பின்பற்ற வேண்டும். தலைமைக் கடிகாரம் எதுவென்று முடிவு செய்யாவிடின், ஒன்று எண்ணும் வேகமும் மற்றது எண்ணும் வேகமும் சிறிது வேறுபட்டு, அளவுகள் தவறிப்போகும். நாடா குற்றமற்றது, குற்றம் இணைப்பினது. ஆகவே பிழைக் கணக்கைப் படிப்பதே இக்கலையின் உயிர்நிலை. எத்தனை பிழை திருத்தப்பட்டது, எத்தனை ஊகித்து நிரப்பப்பட்டது என்பதைப் பொறி காட்டும்போது, செவி இன்னும் அறியாத நோயைக் கண் அறிந்துகொள்ளுகின்றது.

நாடாவின் உடலையே பற்றும் நோயொன்றும் உண்டு. காந்தத் துகள்களைப் பிணைக்கும் பொலியூரிதேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகின்றது. 1970களின் நடுப்பகுதி முதல் உற்பத்தியான பல உயர்தர நாடாக்களில் இது வெளிப்பட்டது. நாடா ஒட்டும், கீச்சிடும், பூச்சைத் தலையிற் கொட்டிவிடும். அவற்றை ஏறத்தாழ 54 பாகை செல்சியசு வெப்பத்திற் பல மணி நேரம் உலர்த்தினால், சில வாரங்களுக்கு நாடா ஓடும் நிலைக்கு மீளும். அதற்குள் பிரதி செய்து கொள்ள வேண்டும். இவ்வைத்தியம் எல்லா நாடாவுக்கும் பொருந்தாது; பழைய அசற்றேற்று நாடாக்களை இவ்வாறு சூடேற்றினால் அழிந்துபோகும். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இந்நோய் விரைந்து முதிரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யாவற்றினும் பெரிய பிணி, பொறியே இல்லாது போவது. 3எம் நிறுவனத்தின் மாதிரிப் பொறி கலைக்கப்பட்டபின், பொது நியமமற்ற அதன் பதிவுகள் சிலவற்றைப் படிக்க வழியில்லாது போயிற்று. 2001இல் அலெசிஸ் நிறுவனம் முறிவடைந்து கைமாறியது. அதே காலத்தில் வன்தட்டுப் பொறிகள் நாடாவின் இடத்தைப் பிடித்தன. 2016 ஜூலையில், வீட்டு வீடியோப் பொறிகளை இறுதிவரை செய்துவந்த பூனாய் என்னும் யப்பானிய நிறுவனமும் அத்தொழிலை நிறுத்தியது. 2019இல் யுனெஸ்கோவின் தகவல் திட்டமொன்றும், ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் இணைந்து, காந்த நாடாக்களை வழமையாக ஒலிக்கச் செய்யும் வாய்ப்பு 2025ஆம் ஆண்டளவில் உலகின் பல பாகங்களில் அற்றுப்போகலாம் என எச்சரித்தன. குறித்த ஆண்டு வந்துவிட்டது. உதிரிப் பாகங்கள் அருகின. அப்பொறியின் நோயறிந்த கைகளும் முதுமையடைகின்றன.

இலக்கமுறை நாடாவுக்கு ஒரு பெரும் நற்பேறு உண்டு. பிழையின்றி ஒருமுறை படிக்கப்பட்டால், அதன் எண்களை எத்தனை பிரதி செய்யினும் முதற் பிரதிக்கும் நூறாம் பிரதிக்கும் அணுவளவும் வேற்றுமை இராது. ஆதலின் தேவைப்படுவது ஒரேயொரு நல்ல வாசிப்பு. அதனைப் பொறி கெடுமுன் செய்துகொள்வோர் தம் குரலைக் காப்பர். பொறி கெட்டபின்னும், பதறாது பிணியை ஆராய்ந்து, நாடாவா பொறியா என்று பிரித்தறிந்து, அழிவின்றி அணுகுவோர் இழந்ததிற் பாதியேனும் மீட்பர். இன்று நன்றாக ஒலிக்கிறதே என்று பெட்டியில் மூடிவைப்போர்க்கு நாடா முன்னறிவித்தல் தருவதில்லை. அது கடைசி நாள் வரை இனிமையாகவே ஒலிக்கும்.